சும்மா இருந்த முகம்

ஜூஜோ, ஜூலை 6

அன்பு மகள் லிங்யுனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் சின்ன உயிரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அடுத்த வரியில், இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று நான் எழுத வேண்டும். நம் ஊர் வழக்கம் அது, தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு நல்ல சேதி மட்டும்தான் போக வேண்டும், கெட்ட சேதி வாசலைத் தாண்டக் கூடாது. உன் அப்பாவுக்குப் பித்தப்பையை எடுத்ததை உன் பரீட்சை முடியும்வரை உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தோம், ஞாபகம் இருக்கிறதா, அப்போது நீ எங்கள் மேல் எப்படிக் கோபப்பட்டாய். அந்த வழக்கத்தை இந்தக் கடிதத்தில் நான் உடைக்கிறேன். உன் அப்பாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை, பிள்ளைத்தாய்ச்சியிடம் போய் இதையெல்லாம் சொல்வார்களா என்று நேற்றிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறார். முணுமுணுக்கட்டும். போனில் இதை என்னால் சொல்ல முடியாது, அதனால்தான் காகிதமும் பேனாவும்.

முதலில் பயப்படாதே, யாரும் சாகக் கிடக்கவில்லை. நான் உன்னிடம் சொன்ன இரண்டு பொய்களை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிள்ளை பெற்ற பிறகு ஒரு மாதம் உடனிருந்து பார்த்துக்கொள்ள ராட்டர்டாமுக்கு வாம்மா என்று மார்ச்சில் நீ கேட்டபோது முழங்கால் வலி, டாக்டர் விமானம் ஏறக் கூடாது என்றார் என்றேன். என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை, ஐந்து மாடி ஏறி இறங்குகிறேன். இரண்டாவது, நீ வீடியோவில் அழைக்கும்போதெல்லாம் இணையம் சரியில்லை என்றேன், கை ஈரம் என்றேன், கேமராவே போய்விட்டது என்றேன். கேமரா நன்றாகத்தான் இருக்கிறது, அடுக்களையில் பூத்த மிளகாய்ச் செடியை அதில்தான் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன், அதைக்கூடக் கவனிக்காமல் நீ நம்பினாயே. உண்மை என்னவென்றால் உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயம். பதினேழு மாதமாக உன் முகத்தை நான் பார்க்கவில்லை. நீ என்னை வெறுக்கிறாய் என்று நினைத்தேன், அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கடமைக்குத்தான் கூப்பிடுகிறாள், வந்து நின்றால் அந்த முகத்தோடு முப்பது நாள் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அதை என்னால் தாங்க முடியாது என்றுதான் முழங்காலைச் சாக்காக வைத்தேன். அது தப்பு என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன், இடையில் நிறுத்தாமல் படி.

சியூலியனை உனக்குத் தெரியும், ரயில் நிலையத்தில் எனக்கு அடுத்த வாசலில் பயணச்சீட்டுப் பார்த்தவள், சின்ன வயதில் உனக்குச் சர்க்கரைப் பாகில் தோய்த்த பழக்குச்சி வாங்கித் தருவாளே அவள்தான். அவளுக்கு இரண்டு வருடமாக மனச்சோர்வு நோய். அவள் அதை மறைக்கவில்லை, எனக்குத்தான் அவளைப் பார்த்தால் கொஞ்சம் இளப்பமாக இருந்தது, வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்து யோசித்தால் யாருக்குத்தான் வராது என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். ஆனாலும் சாங்ஷாவில் இருக்கும் மருத்துவமனைக்கு அவளைத் தனியாக அனுப்ப மனம் வராமல் பதினைந்து நாளுக்கு ஒரு முறை நான்தான் கூட்டிப்போனேன். அங்கே இந்த நோய் உள்ளவர்களின் மூளை முகங்களைப் பார்க்கும்போது என்ன செய்கிறது என்று ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. சியூலியனையும் சேர்த்து நோயாளிகள் போதுமான அளவுக்குக் கிடைத்துவிட்டார்களாம், அவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க அதே வயதில், அதே அளவு படித்த, நோய் இல்லாத பெண்கள்தான் கிடைக்கவில்லையாம். டாக்டர் லோ என்று ஒரு பெண், உன்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம், சியூலியனிடம் யாராவது தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்று, இதோ நான் இருக்கிறேன், என்னைவிடத் திடமான பொம்பளையை இந்தக் கட்டடத்திலேயே நீங்கள் பார்க்க முடியாது என்றேன். மூளையை இலவசமாகப் படம் பிடித்துக் கையில் தருவார்கள் என்று வேறு சொன்னார்கள், அதை எதற்கு விடுவது.

சேர்வதற்கு முன்னால் ஒரு படிவம் தந்தார்கள். தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது ஆசை இருக்கிறதா, உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்கிறீர்களா என்று ஏகப்பட்ட கேள்விகள். நான் எல்லாவற்றிலும் இயல்பு, இயல்பு, இயல்பு என்று ஒரே மூச்சில் குறி போட்டுக் கொடுத்துவிட்டேன். பொய் சொல்ல வேண்டும் என்று போடவில்லை. இருபத்தேழு வருடம் ஒவ்வொரு முறை வேலை முடியும்போதும் ஒரு தாளில் வாசல் இயல்பு, விளக்கு இயல்பு, பணியாள் உடல்நிலை இயல்பு என்று குறி போட்டுக் கையெழுத்து வைத்த கை இது. காய்ச்சல் நூற்றிரண்டு இருந்த நாளிலும் பணியாள் இயல்புதான். கட்டம் என்று ஒன்றைக் கண்டால் என் கைக்கு வேறு சொல் வராது. படிவத்துக்குப் பிறகு ஒரு பையன் வந்து பத்து நிமிடம் ஏதோ கேட்டான், அவனிடமும் சிரித்துச் சிரித்துப் பதில் சொல்லி ஆரோக்கியமானவர்கள் பட்டியலில் ஏறிவிட்டேன். சியூலியன் மட்டும், “அக்கா, நீ ராத்திரி மூணு மணிக்கே முழிச்சிக்கிறேன்னு என்கிட்ட சொன்னியே” என்று காதோடு காதாகக் கேட்டாள். வயசானால் எல்லோருக்கும் அப்படித்தான், நீ சும்மா இரு என்று அவளை அடக்கிவிட்டேன்.

ஏப்ரலில் என் முறை வந்தது. மோதிரம், கொண்டை ஊசி, கொக்கி வைத்த உள்ளாடை வரைக்கும் கழற்ற வைத்து ஒரு குழாய்க்குள் தள்ளினார்கள். காதுக்குள் ஆயிரம் பேர் தகரத்தைத் தட்டுகிற மாதிரி சத்தம். கண்ணுக்கு மேலே ஒரு கண்ணாடி, அதில் முகங்களாக வந்துகொண்டே இருந்தன, ஆண், பெண், கிழவர், எல்லாம் நம் ஊர் முகங்கள்தான். சோகமாக இருந்தால் ஒரு பொத்தான், கோபமாக இருந்தால் ஒன்று, எதுவும் இல்லாமல் சும்மா இருந்தால் ஒன்று. எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு, முகம் பார்ப்பதுதானே என் தொழில், சீட்டில்லாமல் நழுவ வருகிறவனை இருபது அடி தூரத்திலேயே பிடிப்பவளிடமா இந்தச் சோதனை என்று. வெளியே வந்த பிறகு மேசையில் உட்கார வைத்து இன்னும் சில முகங்களைக் காட்டினார்கள். டாக்டர் லோ என் பதில்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு படத்தில் நிறுத்தி, இதற்கு ஏன் கோபம் என்று போட்டீர்கள் என்று கேட்டார். வெள்ளைப் பின்னணியில் மூக்குக்கண்ணாடி இல்லாத ஒரு பெண், தலைமுடியை வழித்துப் பின்னால் கட்டியிருந்தாள். பார்த்தாலே தெரியவில்லையா, இவள் யார் மேலோ கொதித்துக்கொண்டிருக்கிறாள், வாயைத் திறந்தால் எதிரே நிற்பவர் மானம் போகும் என்றேன். டாக்டர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், முடியைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

“அது நான்தாம்மா. வெளிநாட்டு முகமா இருந்தா நம்ம ஆளுங்களுக்குச் சரியா வராதுன்னு எங்க வார்டு ஆளுங்களையே படம் எடுத்தோம். அன்னிக்கு மத்தியானம் நூடுல்ஸ் சாப்பிடலாமா சோறு சாப்பிடலாமான்னு யோசிச்சிட்டிருந்தேன், அவ்வளவுதான்.”

நான் ஒத்துக்கொள்ளவில்லை, உன் அம்மா எதை உடனே ஒத்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் மறந்திருப்பீர்கள், அன்றைக்கு யாராவது உங்களைத் திட்டியிருப்பார்கள் என்று வாதாடினேன். அவர் சும்மா இருந்த முகங்கள் எத்தனை என்று எண்ணிக் காட்டினார், முப்பதில் பத்தொன்பதுக்கு நான் கோபம் என்று போட்டிருந்தேன். சியூலியன்கூட அவ்வளவு போடவில்லையாம். அதற்கப்புறம்தான் அவர் கதவைச் சாத்திவிட்டு, படிவம் எதுவும் இல்லாமல், ஒரு மணி நேரம் என்னோடு உட்கார்ந்து பேசினார். கடைசியாக எதை ஆசைப்பட்டுச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டார், யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் வரவில்லை. மாஜோங் ஆட்டத்துக்குப் போவதை எப்போது விட்டீர்கள் என்றார், அதற்கும் தெரியவில்லை. உங்களுக்கு மகள் இருக்கிறாளா என்றார், அந்தக் கேள்விக்குத்தான் அழ ஆரம்பித்தேன், அரைப் பெட்டி டிஷ்யூ தீர்ந்தது. இல்லாமல் போனால் நல்லது என்று தோன்றியதுண்டா என்றும் கேட்டார். அதற்கு உண்மையைச் சொன்னேன். அந்த உண்மையைக் காகிதத்தில் எழுத மாட்டேன், நேரில் சொல்கிறேன், இப்போது அந்த நினைப்பு இல்லை என்பது மட்டும் உனக்குத் தெரிந்தால் போதும். ஆக, ஆரோக்கியமானவர்கள் பட்டியலில் இருந்து என் பெயரை அடித்துவிட்டார்கள். திரும்பி வரும்போது ரயிலில் சியூலியன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நம்ம வரிசைக்கு வந்துட்ட, தள்ளி உக்காரேன் அக்கா” என்றாள். இரண்டு வருடம் நான் பேசிய பேச்சுக்கு அவள் இவ்வளவுதான் சொன்னாள்.

டாக்டர் எனக்குச் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். மூளையில் ஒவ்வோர் இடமும் மற்ற இடங்களோடு ஓயாமல் பேசிக்கொண்டே இருக்குமாம். உள்ளே ஆழத்தில் வேர்க்கடலை அளவுக்கு ஓர் இடம், அது ஆபத்து என்று மணி அடிக்கிற இடம். நெற்றிக்குப் பின்னால் இருப்பது அதைக் கேட்டு விசாரித்து, ஒன்றுமில்லை, நிறுத்து என்று அடக்குகிற இடம். இந்த நோய் வந்தவர்களில் பலருக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கிற பேச்சு மெலிந்துபோகிறது என்கிறார்கள், தன்னைப் பற்றியே அசைபோடுகிற இடங்களோ தங்களுக்குள் ஓயாமல் பேசிக்கொள்கின்றனவாம். ஜூஜோ சந்திப்பில் வேலை பார்த்தவளுக்கு இதைப் பாடமெடுக்க வேண்டியதில்லை, சிக்னல் அறைக்கும் நடைமேடைக்கும் நடுவில் போன் போய்விட்டால் வண்டி வராத தண்டவாளத்துக்கும் சேர்த்து எச்சரிக்கை விசில் ஊதிக்கொண்டிருப்போம். அப்படியானால் என் படத்தில் அந்த அறுந்த கம்பியைக் காட்டுங்கள் என்று கேட்டேன். டாக்டர் சிரித்துவிட்டு, கம்பி ஒன்றும் அறுந்துவிடவில்லை, நூற்றுக்கணக்கான பேரின் படங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த வித்தியாசம் தெரியும், ஒருத்தர் படத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது, உங்கள் நோயை நான் படத்தில் கண்டுபிடிக்கவில்லை, உங்களோடு பேசித்தான் கண்டுபிடித்தேன் என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. இவர் தருகிற மாத்திரையை விழுங்கலாம் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

உன் அப்பாவிடம் சொன்ன அன்று அவர் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டார், கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினார். அக்கம்பக்கத்தில் கேட்டால் முழங்காலுக்கு ஊசி வைத்தியம் என்று சொல்லலாம் என்றார். சொல்லிக்கொள்ளுங்கள், நான் சொல்ல மாட்டேன் என்றேன். அவருடைய முகத்தைத்தான் உனக்குத் தெரியுமே, சாத்தி வைத்த கடை, முப்பது வருடம் இன்ஜின் பட்டறையில் இருந்தவருக்கு முகத்தில் அசைவு என்று ஒன்று கிடையாது. இந்த ஒன்றரை வருடமாக அவர் ஒவ்வொரு முறை அறைக்குள் வரும்போதும் என் மேல் எரிச்சலோடு வருகிறார் என்றே நான் நினைத்திருந்தேன், அதற்குப் பதிலாக நானும் எரிந்து விழுந்திருந்தேன், மனுஷர் காரணம் தெரியாமல் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். டாக்டர் அவரையும் ஒரு நாள் கூப்பிட்டுப் பேசினார். இப்போது என்ன செய்கிறார் தெரியுமா, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “கோபமில்ல, பசி” என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார். “கோபமில்ல, குளிக்கப் போறேன்.” “கோபமில்ல, கூட்டத்துல கால மிதிச்சிட்டாங்க.” ஒரு நாள் மட்டும், “இன்னிக்குக் கோபம்தான், சோயா சாஸ் பாட்டிலை யாரு திறந்து வெச்சது” என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எத்தனை மாதம் கழித்து இந்த வீட்டில் நான் சிரித்தேன் என்று அவர் கணக்கு வைத்திருந்தாரோ என்னவோ, திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன், இதை எழுதத்தான் நான்கு தாள் சுற்றி வந்திருக்கிறேன். போன வருடம் பிப்ரவரியில் வசந்த விழா விடுமுறை முடிந்து நீ கிளம்பிய அன்று நான் நிலையத்துக்குள் வந்து உன்னை வழியனுப்பினேன். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. வாசலில் நின்று நீ தலையைத் தூக்கி நேராகப் பார்த்தாய். அந்தப் பார்வையில் ஒரு துளி அன்பு இல்லை, சிரிப்பு இல்லை, கல்லாக இருந்தது. நான்தான் ஒருத்தி அங்கே நிற்கிறேனே என்று உனக்குத் தோன்றவே இல்லை போல என்று நினைத்தேன், இல்லை, தெரிந்துதான் அப்படிப் பார்க்கிறாள், முந்தின நாள் இரவு இவ்வளவு தூரத்தில் கல்யாணம் செய்துகொண்டாயே என்று நான் சொன்னதற்குப் பதில் இதுதான் என்று நினைத்தேன். அந்த முகம் என்னை விட்டுப் போகவே இல்லை, விழித்த நேரமெல்லாம் அதுதான். மே மாதம் டாக்டர் லோ, உங்கள் மனசில் நிற்கிற அந்த முகத்தை ஒரு படம் மாதிரி எனக்குச் சொல்லுங்கள், மகள் எங்கே நின்றாள், எதைப் பார்த்தாள் என்று கேட்டார். சொல்லிக்கொண்டே வந்தேன். வாசலில் நின்றாள், அடையாள அட்டையை வைத்தாள், நேராகப் பார்த்தாள் என்று சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது. நீ பார்த்தது என்னை இல்லை. அட்டையில் இருக்கும் படத்தோடு முகத்தைச் சரிபார்க்கும் அந்த இயந்திரத்தை. வாசல் திறக்க வேண்டுமானால் முகத்தை அசைக்கக் கூடாது. வேலையின் கடைசி நான்கு வருடம் அதே இயந்திரத்தின் பக்கத்தில் நின்று, “நேரா பாருங்க, சிரிக்காதீங்க, முகத்தை அப்படியே வைங்க” என்று ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை கத்தியவள் நான். ஊரில் எவளுக்காவது அந்த முகம் தெரிய வேண்டும் என்றால் எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். வாசல் திறந்ததும் நீ திரும்பிப் பார்த்தாயா, கையசைத்தாயா, எனக்குத் தெரியாது, நான் அதற்குள் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துவிட்டேன். ஒரு வேளை நீதான் என் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாய். அதற்கு என்னை மன்னித்துவிடு, லிங்யுன். இந்தச் சொல்லை நான் உனக்கு இதுவரை சொன்னதில்லை.

பதினோரு வாரமாக மாத்திரை, வாரம் ஒரு நாள் பேச்சு, அதோடு முகம் பார்க்கும் பயிற்சி. ஒரு படத்தைக் கோபம் என்று சொல்வதற்கு முன்னால் சாட்சி சொல்ல வேண்டும், புருவம் இறங்கியிருக்கிறதா, உதடு இறுகியிருக்கிறதா, இரண்டும் இல்லையென்றால் எனக்குத் தோன்றுவதை நான் நம்பக் கூடாது. இப்போது முப்பதில் எட்டு. பூஜ்ஜியம் ஆகவில்லை, மோசமான நாளில் பன்னிரண்டுக்கும் போகிறது. சில காலைகளில் இன்னும் எழுந்திருக்க முடியவில்லை. மாத்திரை வாயை உலர்த்துகிறது, முதல் மூன்று வாரம் குமட்டல், நிறுத்திவிடலாம் என்று தோன்றியது, நிறுத்தவில்லை. போன வாரம் மார்க்கெட்டில் புளித்த மிளகாயும் மீன்தலையும் பார்த்ததும் வாயில் எச்சில் ஊறியது, அங்கேயே நின்று சியூலியனுக்குப் போன் போட்டுச் சொன்னேன், அவள் வாழ்த்துச் சொன்னாள்.

ஆகவே நான் வருகிறேன். வரட்டுமா என்று கேட்கவில்லை, வருகிறேன் என்று சொல்கிறேன். செப்டம்பர் இருபதுக்குச் சீட்டு எடுத்தாகிவிட்டது. டாக்டரிடம் கேட்டேன், மூன்று மாதத்துக்கு மாத்திரை எழுதித் தருகிறார், வாரப் பேச்சு போனில் நடக்கும். மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்லி வை, முப்பது நாளும் உனக்குப் பச்சைத் தண்ணீர், ஐஸ், குளிர்ந்த ரொட்டி எதுவும் கிடையாது, அவர்கள் ஊரில் பெற்ற அன்றே எழுந்து குளிக்கிறார்களாம், அது அவர்கள் ஊர். கருப்புச் சர்க்கரை, காய்ந்த இஞ்சி, வேர்க்கடலை நான் கொண்டு வருவேன், பால் சுரக்கச் சூப் வைக்கப் பன்றிக்கால் அங்கே கிடைக்கும் இடத்தைப் பார்த்து வை. அப்புறம் ஒன்று, பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கு வருகிற செவிலி உன் மனம் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளைக் கொடுப்பாராம். என் மகள் என்று நிரூபிக்க எல்லாவற்றிலும் இயல்பு என்று போட்டுவிடாதே. இருப்பதைப் போடு, பக்கத்தில் நான் உட்கார்ந்து பார்ப்பேன்.

ஒரு பயம் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. பிறந்த குழந்தைக்கு முகத்தில் எதுவும் இருக்காது, முதல் சில வாரம் அது சும்மாதான் பார்க்கும். அந்த முகமும் என்னை வேண்டாம் என்று சொல்கிற மாதிரி எனக்குத் தெரிந்தால் என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படியெல்லாம் ஆகாது என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “தெரியலாம்மா. தெரிஞ்சா நம்பாதீங்க, குழந்தையையும் கீழ வெச்சிடாதீங்க. பக்கத்துல இருக்கறவங்களைக் கேளுங்க” என்றார். பக்கத்தில் இருக்கப் போவது நீதான். நான் கேட்பேன், நீ பெற்ற களைப்பில் இருந்தாலும் தூக்கத்தில் இருந்தாலும் எழுப்பிக் கேட்பேன். நீ பார்த்துச் சொல். நீ சொல்வதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், தலைப்பிரசவம் சுகமாக ஆக வேண்டும், பிறக்கிற உயிர் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், உன்னையும் மாப்பிள்ளையையும் மனமார ஆசீர்வதிக்கிறேன். உன் அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், தனக்குக் கோபமில்லை என்றும் எழுதச் சொன்னார்.

மறந்துவிடாதே, இந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு வரும் முதல் ஞாயிறு உங்கள் ஊரில் காலை பதினோரு மணிக்கு வீடியோவில் கூப்பிடு, நான் எடுப்பேன். ஒன்றே ஒன்று, என்னைச் சமாதானப்படுத்துவதற்காகச் சிரிக்காதே. வேலையில் இருக்கும்போது, பேருந்துக்கு நிற்கும்போது உன் முகம் எப்படி இருக்குமோ அப்படியே வைத்துக்கொண்டு உட்கார். ஏதும் பேசவும் வேண்டாம். அது என் மகளின் முகமாக மட்டும் தெரிகிறவரைக்கும் நான் பார்த்துக்கொண்டே இருப்பேன், எவ்வளவு நேரம் ஆனாலும் போனைக் கீழே வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஓயாங் ஷுஜென்